ஜி.ஆர். நீக்கிய சுண்டெலியோடு வேலை தொடங்குபவர்களுக்கு

இந்த ஜூனில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு தங்கை வந்து சேர்ந்தாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்தவள். முதல் நாள் கேண்டீனில் டீ குடிக்கும்போதே கேட்டாள்: "அக்கா, ஜீனை எடுத்த எலி கைக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதானே?" நான் தரமணியில் இந்த எலிகளோடு 11 வருடமாக இருக்கிறேன். அவளுக்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்தேன். சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். சென்னையில் இந்த வேலைக்கு வரும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். நாம் ஆராய்வது அழுத்தத்துக்குச் சுரக்கும் ஹார்மோனின் ஏற்பியை, அதைத்தான் ஜி.ஆர். என்கிறோம். எலிக்கு அழுத்தம் கொடுப்பதில் முதல் ஆள் நாம்தான். நம் கை, நம் வாசனை, கதவைச் சாத்தும் சத்தம் எல்லாமே அதன் ரத்தத்தில் தெரியும். மரபணு வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு எலியைக் கரடுமுரடாகத் தூக்கினால், கடைசியில் வரைபடத்தில் தெரிவது நாம் தூக்கிய விதம்தான்.

ஏற்பி என்ன செய்கிறது

அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன் மனிதருக்குக் கார்ட்டிசால், சுண்டெலிக்குக் கார்ட்டிகோஸ்டிரோன். எலியின் அட்ரீனலில் கார்ட்டிசால் செய்யத் தேவையான ஒரு நொதி கிடையாது. அதனால் ஹார்மோனை அளக்கும் கிட் வாங்கும்போது கார்ட்டிகோஸ்டிரோன் கிட்தானா என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் கார்ட்டிசால் கிட்டை ஆர்டர் போட்டுவிட்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இரண்டு. ஒன்று மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி, எம்.ஆர். என்போம். இன்னொன்று நம்முடைய குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி, ஜி.ஆர். அதன் மரபணு என்.ஆர்.3.சி.1, சுண்டெலியில் 18-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஹார்மோன் வரும்வரை ஜி.ஆர். செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் துணைப் புரதங்களோடு ஒட்டிக் காத்திருக்கும். ஹார்மோன் வந்து பிடித்ததும் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும்.

எம்.ஆர். இந்த ஹார்மோனை ஜி.ஆரைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். எனவே எலி நிம்மதியாக இருக்கும் நேரத்தில், இருக்கிற கொஞ்ச ஹார்மோனையும் எம்.ஆரே எடுத்துக்கொள்ளும், ஜி.ஆர். பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். ஹார்மோன் ஏறும்போதுதான் ஜி.ஆருக்கு வேலை. ஏறிய ஹார்மோனை, போதும் என்று சொல்லி மூளை வழியாகவும் பிட்யூட்டரி வழியாகவும் திரும்ப இறக்குவது அதன் முக்கியமான பொறுப்பு. இதைப் புரிந்துகொண்டால், ஓய்வில் எடுத்த ஒரே ஒரு ரத்தச் சொட்டு ஏன் போதாது என்பதும் புரிந்துவிடும்.

எந்த எலி வேண்டும்

உடல் முழுக்க ஜி.ஆரை எடுத்த எலியை 1995-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குந்தர் ஷூட்ஸ் குழு உருவாக்கியது. பெரும்பாலான குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் செத்துவிட்டன, நுரையீரல் விரியாததால். நம் ஊரில் குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்களே, அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு இந்த ஏற்பி வழியாக வரும் சமிக்ஞை வேண்டும். இதைச் சொன்னதும் தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் அக்கா குழந்தைக்கு அந்த ஊசி போட்டிருக்கிறார்கள்.

அந்த முதல் எலியில் மாற்றம் மரபணுவின் இரண்டாம் எக்ஸானில் (எக்ஸான் என்பது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டு) செய்யப்பட்டது. அதில் ஏற்பியின் ஒரு துண்டு மிச்சம் இருந்ததால் சில குட்டிகள் பிழைத்து வளர்ந்தன. பிறகு மூன்றாம் எக்ஸானை நீக்கிச் செய்த எலியில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆக, "ஜி.ஆர். நாக்கவுட்" என்று யாராவது எலி கொடுத்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த எக்ஸான் என்பது. துண்டுப் புரதம் மிச்சம் இருக்கும் எலியையும், எதுவுமே இல்லாத எலியையும் ஒரே பெயரில் எழுதினால் பின்னால் யாருக்கும் எதுவும் பொருந்தாது. 1998-இல் அதே குழு இன்னொரு எலியும் செய்தது: ஏற்பி இருக்கும், ஆனால் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ.வில் உட்கார முடியாதபடி ஓர் அமினோ அமிலம் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். அந்த எலிகள் உயிரோடு வளர்ந்தன. நுரையீரல் விரிய அந்த ஜோடி அவ்வளவு அவசியமில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் கேள்வி ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பதானால் அந்த எலியைப் பாருங்கள். எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதானால் கிரீ-லாக்ஸ் எலிதான் வேண்டும்.

லாக்ஸ்-பி என்பது 34 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. வரிசை. மரபணுவின் ஒரு முக்கியத் துண்டுக்கு இருபுறமும் அதை வைத்துவிட்டால், கிரீ என்ற நொதி வந்து நடுவில் இருப்பதை வெட்டி எடுத்துவிடும். பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸிலிருந்து வந்த நொதி அது. கிரீ எந்தச் செல்லில் உண்டாகிறதோ அங்கே மட்டும்தான் வெட்டு. முன்மூளை நரம்புச் செல்களில் மட்டும் எடுக்கக் கேம்கைனேஸ்-கிரீ, நரம்பு மண்டலம் முழுக்க எடுக்க நெஸ்டின்-கிரீ என்று தேர்ந்தெடுக்கலாம். வளர்ந்த பிறகு எடுக்க வேண்டுமானால் டமாக்ஸிஃபென் கொடுத்தால் மட்டும் விழிக்கும் கிரீ இருக்கிறது. ஆனால் டமாக்ஸிஃபென் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு விளையாடும் மருந்து. கிரீ இல்லாத எலிகளுக்கும் அதே அளவு, அதே நாள்களில் கொடுத்து, சில வாரம் ஆறவிட்ட பிறகே சோதனை.

நெஸ்டின்-கிரீ எலியின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1999-இல் வெளியான ஆய்வில், மூளையில் ஜி.ஆர். இல்லாத எலிகளுக்குப் பயம் குறைந்திருந்தது. கூடவே வளர்ச்சி குன்றி, கொழுப்பு சேரும் விதம் மாறி, இந்த ஹார்மோன் மிஞ்சினால் மனிதருக்கு வரும் குஷிங் நோய்போல ஒரு தோற்றம். காரணம் இதுதான்: மூளையில் 'போதும்' என்று சொல்ல ஏற்பி இல்லை. ஹார்மோன் ஏறிக்கொண்டே போகிறது. உடம்பில் மற்ற இடங்களில் ஏற்பி அப்படியே இருக்கிறது, அந்தக் கூடுதல் ஹார்மோனை அது வாங்கிக்கொள்கிறது. ஓரிடத்தில் ஏற்பியை எடுத்தால் மற்ற இடங்களில் அதன் வேலை கூடிவிடலாம். அதனால் எடையை வாராவாரம் எழுதுங்கள், அட்ரீனலையும் தைமஸையும் கடைசியில் எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஹார்மோன் நீண்ட நாள் கூடுதலாக இருந்தால் தைமஸ் சுருங்கியிருக்கும். அது ஒரு நேர்மையான சாட்சி.

இன்னொன்று. நெஸ்டின்-கிரீ எலிகள், எதையும் வெட்டாமலேயே, கொஞ்சம் சின்ன உடம்போடு வளரும். எனவே லாக்ஸ் இல்லாத, கிரீ மட்டும் உள்ள எலியையும் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்தே ஆக வேண்டும். "கேஜ் பத்தாது, அதை விட்டுடலாம்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். நான் விட்டுவிட்டு ஒரு வருடம் இழந்திருக்கிறேன்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வின் விதிகள்படி, நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு படிவம் பி-யைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மரபணு மாற்றிய உயிர் என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் தனியாக வேண்டும். எலி வருவதற்கு முன் இரண்டும் கையில் இருக்கட்டும். படிவத்தில் எலி எண்ணிக்கை எழுதும்போது, சோதனைக்கு வேண்டிய எலிகளை மட்டும் எழுதாதீர்கள். பிறக்கப்போகும் எல்லாக் குட்டிகளையும் சேர்த்து எழுதுங்கள். ஏன் என்று அடுத்து வருகிறது.

ஜோடி சேர்ப்பதும் கணக்கும்

இரு பக்கமும் லாக்ஸ் உள்ள எலியை ஃப்ளாக்ஸ்-ஃப்ளாக்ஸ் என்போம். அதோடு கிரீ எலியைச் சேர்த்தால் முதல் தலைமுறையில் பாதிக் குட்டிகளுக்கு ஒரு ஃப்ளாக்ஸும் கிரீயும் இருக்கும். அதைத் திரும்ப ஃப்ளாக்ஸ்-ஃப்ளாக்ஸோடு சேர்த்தால் நாலில் ஒரு குட்டி நாம் கேட்டது. அதிலும் ஆண் மட்டும் வேண்டுமென்றால் எட்டில் ஒன்று. 12 ஆண் எலி வேண்டுமா? 96 குட்டிகள் பிறக்க வேண்டும். ஓர் ஈற்றுக்கு 6 குட்டி என்று வைத்தால் 16 ஈற்று. மூன்றாம் கட்டமாக, நீக்கிய எலியையே ஃப்ளாக்ஸ்-ஃப்ளாக்ஸோடு சேர்க்க முடிந்தால், பாதிக்குப் பாதி வந்துவிடும். 48 குட்டி, 8 ஈற்று போதும். உடன்பிறந்த கிரீ இல்லாத குட்டிகளே கட்டுப்பாட்டுக் குழுவும் ஆகிவிடும். ஒரே தாய், ஒரே கூடு, ஒரே பால். இதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் கிரீ வேறு குரோமோசோமில் இருந்தால்தான் பொருந்தும். உங்கள் கிரீயும் 18-இலேயே உட்கார்ந்திருந்தால் விகிதம் குழம்பிவிடும். எலி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கிரீயை அப்பா வழி கொண்டுவருவதா, அம்மா வழியா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சில கேம்கைனேஸ்-கிரீ எலிகளில் விந்துச் செல்லிலும் கிரீ வேலை செய்துவிடும். அப்போது குட்டிக்கு உடம்பு முழுக்க ஜி.ஆர். மரபணுவின் ஒரு பிரதி போய்விடும். அம்மா வழி கொண்டுவந்தால் அந்தச் சிக்கல் குறையும். ஆனால் அந்த அம்மாவுக்கே முன்மூளையில் ஜி.ஆர். இல்லையென்றால் குட்டிகளை அவள் வளர்க்கும் விதம் மாறலாம். இரண்டு வகைக் குட்டிகளும் அவளிடம்தான் வளர்கின்றன என்பதால் ஒப்பீடு கெடாது. நான் அம்மா வழியைத்தான் பிடிக்கிறேன். எந்த வழி என்பதை எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

காதுத் துண்டும் ஜெல்லும்

21-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும்போது காதில் சிறு துளை போட்டு அடையாளம் வைப்போம். அந்தத் துளியளவு தோலே டி.என்.ஏ.வுக்குப் போதும். 75 மைக்ரோலிட்டர் காரக் கரைசலில் 95 டிகிரியில் அரைமணி நேரம், பிறகு அதே அளவு டிரிஸ் ஊற்றி ஆற்றினால் டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆருக்குத் தயார். இதற்குப் பெரிய கிட் எதுவும் வேண்டாம்.

ஜெல்லைப் பார்க்கும் விதத்தைத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். 2.5 சதவீத அகரோஸ், கொஞ்சம் பொறுமையாக ஓடவிட வேண்டும். ஃப்ளாக்ஸ் உள்ள துண்டு லாக்ஸ் வரிசையால் நீளம் கூடியது, அதனால் மேலே நிற்கும். சாதாரணத் துண்டு கீழே. இரண்டும் உள்ள எலியில் இரண்டு கோடு தெரியும். அதற்கும் மேலே, மங்கலாக, புகைபோல மூன்றாவதாக ஒரு கோடு. அவள் அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள், "கலந்துடுச்சா அக்கா?" என்று. கலக்கவில்லை. நீளத் துண்டின் ஓர் இழையும் குட்டைத் துண்டின் ஓர் இழையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பொருந்தாத இடம் வளையமாக வெளியே தள்ளி நிற்பதால் ஜெல்லில் மெதுவாக ஊர்கிறது. அந்தப் புகைக்கோடு இருந்தால் இரண்டு வகையும் அந்த எலியில் இருக்கிறது என்று நம்பலாம். கீழ்க்கோடு மங்கலாக விழுந்த நாள்களில் எனக்கு அதுதான் கைகொடுத்திருக்கிறது.

மூன்று பி.சி.ஆர். போடுங்கள்: ஃப்ளாக்ஸுக்கு ஒன்று, கிரீக்கு ஒன்று, வெட்டப்பட்ட வடிவத்துக்கு ஒன்று. மூன்றாவதைப் பலர் போடுவதில்லை. மூளையில் மட்டும் வெட்ட வேண்டிய எலியின் காதுத் தோலில் வெட்டுக் கோடு தெரிந்தால், அந்தக் குட்டியில் கிரீ எங்கேயோ கசிந்திருக்கிறது. அதைச் சோதனையில் சேர்க்காதீர்கள், அதிலிருந்து அடுத்த தலைமுறையும் எடுக்காதீர்கள்.

டி.என்.ஏ.வில் வெட்டியாயிற்று என்பதோடு நிற்கவும் கூடாது. முன்மூளையின் ஒரு பகுதியான ஹிப்போகேம்பஸை எடுத்து, புரதத்தைப் பார்க்கும் வெஸ்டர்ன் சோதனை போட்டு, 95 கிலோ டால்டன் அருகே ஜி.ஆர். கோடு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க மறையாது. மூளையில் கிரீ தொடாத துணைச் செல்களும் ரத்தக்குழாய்ச் செல்களும் இருக்கின்றன, அவற்றில் ஜி.ஆர். இருக்கும். மூளைச் சீவலில் நிறமேற்றிப் பார்த்தால்தான் எந்தச் செல்லில் போயிருக்கிறது, எதில் நிற்கிறது என்று தெளிவாகும்.

சென்னையில் ஒரு எலி அறை

எலி இருக்கும் அறை இந்த ஊரில் தனிப் பாடம். அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றால் அரைமணியில் அறை தகிக்கத் தொடங்கும். ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் எடுக்கிறது, ஏசியும் அதில் இணைந்திருக்கிறதா, டீசல் யார் பொறுப்பு என்பதை ஏப்ரலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்து சத்தம். சுண்டெலிக்கு நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் கேட்கும். ராஜீவ் காந்தி சாலையில் மெட்ரோவுக்குத் துளை போட்ட நாள்களில் எங்கள் கட்டடத்தின் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆடி மாதம் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம் முழுக்க ஒலிபெருக்கி. தீபாவளிக்கு முன்னும் பின்னும் வெடி. இவற்றில் எதையும் நாம் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது. நாள்காட்டியைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியை எடுத்து இந்த வாரங்களில் சிவப்புக் கோடு போடுவேன். அந்த வாரங்களில் ரத்தம் எடுப்பதில்லை, பயச் சோதனை இல்லை. கர்ப்பம் 19 முதல் 21 நாள் என்பதால், தீபாவளி வாரத்தில் குட்டி பிறக்காதபடி ஜோடி சேர்க்கும் நாளையும் நகர்த்துவேன். பிரசவித்த முதல் இரண்டு மூன்று நாளில் பயந்துபோன தாய் சில சமயம் குட்டிகளையே தின்றுவிடும். காலையில் போய்க் காலிக் கூட்டைப் பார்ப்பது மிகவும் கஷ்டமாக இருக்கும்.

வாசனையும் அப்படித்தான். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருவதை வேலை நாள்களில் விட்டுவிட்டேன். சென்ட் வேண்டாம், கொசுவர்த்தி மணம் பிடித்த சட்டையும் வேண்டாம். 2014-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஆண்கள் பக்கத்தில் இருந்தாலோ அவர்கள் அணிந்த பனியன் அருகில் இருந்தாலோகூட எலிகளுக்கு அழுத்தம் ஏறுவதைக் காட்டியது. பெண்கள் இருந்தபோது அப்படி ஏறவில்லை. ஆண்கள் இந்த வேலை செய்யக் கூடாது என்று அர்த்தம் இல்லை. சோதனை முழுக்க ஒரே ஆள் செய்யட்டும், உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுத் தொடங்கட்டும், யார் செய்தார்கள் என்று நோட்டில் எழுதட்டும்.

இப்போது விளக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து தீனியும் தண்ணீரும் வைத்தார். ஓர் எலிகூடச் சாகவில்லை. அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள். இரண்டு வாரம் பொறுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி, 24 எலிகளில் காலை ரத்தம் எடுத்தேன். முடிவு வந்தது. ஒரே மரபணு வகையில் ஓர் எலிக்கு மில்லிக்கு 20 நானோகிராம் கார்ட்டிகோஸ்டிரோன், அடுத்ததற்கு 250. கிட்டைச் சந்தேகப்பட்டேன், திரும்பப் போட்டேன். பி.சி.ஆரைச் சந்தேகப்பட்டேன், 24 எலிக்கும் திரும்பப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு நாள் காலை வேலை நீண்டுபோய் ஒன்பது மணி தாண்டியும் உள்ளேயே இருந்தேன். திடீரென்று விளக்கு அணைந்தது. வெளியே வந்து அண்ணனிடம் கேட்டேன். "தெனமும் இந்த நேரத்துக்கு அணையுதும்மா, டியூப் பிரச்சினைன்னு நான் அந்தப் பக்கத்து சுவிட்சைப் போட்டுட்டுதான் வேலை செய்யுறேன்" என்றார். விளக்கின் டைமருக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோது டைமர் தன் கடிகாரத்தை நள்ளிரவு 12 என்று தொடங்கியிருக்கிறது. அதனால் இரவு ஒன்பதுக்கு விளக்கு எரிந்து காலை ஒன்பதுக்கு அணைந்தது. அதன்பிறகு பகல் முழுக்க வேறு சுவிட்சில் விளக்கு. இரண்டு வாரமாக அந்த எலிகள் இருட்டையே சில மணி நேரம்தான் பார்த்திருக்கின்றன. கார்ட்டிகோஸ்டிரோன் விளக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஹார்மோன். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதால், விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி உச்சம், விளக்கு எரியத் தொடங்கிய காலையில் அடிமட்டம். அந்தத் தாளமே சிதறிப் போயிருந்தது. 24 எலியின் தரவையும் விட்டுவிட்டேன்.

தவறு அண்ணனுடையது இல்லை. டைமரைப் பார்க்க வேண்டியவள் நான். இப்போது அறைக் கதவில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. காலை ஆறுக்கு விளக்கு எரிகிறதா, மாலை ஆறுக்கு அணைகிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளிச்சத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறு கருவியும் அலமாரியில் இருக்கிறது. தாளம் கெட்டது தெரிந்தால், நேரத்தைச் சரிசெய்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் எலிகளை அப்படியே விடுங்கள்.

கையில் எடுப்பது

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். 2010-இலேயே இங்கிலாந்தில் செய்த ஆய்வில், வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகளுக்குப் பதற்றம் கூடுதலாக இருந்தது. குழாய்க்குள் ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்த எலிகள் ஆளைத் தேடி வந்தன. நான் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இது: இரண்டு கையையும் கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோலக் குவித்துக் கூட்டின் தரையில் வையுங்கள். துரத்த வேண்டாம். மீசை முதலில் விரலைத் தொடும். பிறகு முன்னங்கால் இரண்டும் கையில் ஏறும். முழு உடம்பும் ஏறியதும் மெதுவாக உயர்த்துங்கள், அரை நிமிடம் வைத்திருந்து திரும்ப இறக்கிவிடுங்கள். முதல் நாள் ஓடும். நான்காம் நாள் தானாக வந்து உட்கார்ந்து முகம் கழுவும். முகம் கழுவ ஆரம்பித்தால் அதற்குப் பயம் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். குறைந்தது ஐந்து நாள் இப்படிப் பழக்கிய பிறகே சோதனை. சோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கூட்டை மாற்ற வேண்டாம், புதுப் படுக்கையே எலிக்கு ஓர் அதிர்ச்சி.

ரத்தம்

ஓய்வு நிலை ரத்தம் என்றால் விளக்கு எரிந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள். கூட்டைத் தொட்ட நொடியிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் சொட்டு குழாயில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது, கூட்டைத் தொட்டதற்கான பதில். ஒரு கூட்டில் நாலு எலி இருந்தால் நாலையும் வரிசையாக எடுக்க முடியாது. நாலாவது எலி அதற்குள் பத்து நிமிடமாகப் பயந்துகொண்டு இருக்கும். ஒரு காலையில் ஒரு கூட்டிலிருந்து ஓர் எலி, அல்லது மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில். வால் நுனியில் சிறு கீறல், ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. தடவிய நுண்குழாயில் 20, 30 மைக்ரோலிட்டர் போதும். உடனே பனிக்கட்டியில் வைத்து, சுழற்றி, பிளாஸ்மாவை மைனஸ் 80-இல் வையுங்கள். அமைதியான எலிக்குக் காலையில் மில்லிக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வர வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவே அதைத் தாண்டினால் மரபணு பற்றி எதுவும் எழுதாதீர்கள். அறையில் என்ன நடந்தது என்று தேடுங்கள்.

பிறகுதான் உண்மையான கேள்வி. காற்றுத் துளை போட்ட 50 மில்லி குழாயில் எலியை 30 நிமிடம் அடக்கி வைத்து, தொடங்கும்போது, 30-ஆம் நிமிடம், 60, 90, 120 என்று அதே கீறலிலிருந்து ரத்தம் எடுங்கள். சாதாரண எலியில் 30-இல் பல மடங்கு ஏறி, விட்ட பிறகு இறங்க ஆரம்பிக்கும். ஜி.ஆர். போன எலியில் ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பாருங்கள். 'போதும்' என்று சொல்லும் ஏற்பி இல்லாததால் கோடு மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். பலர் 30-ஆம் நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஆதங்கமாக இருக்கிறது. எலி பட்ட சிரமம் பட்டாயிற்று, இன்னும் 90 நிமிடம் காத்திருந்தால் விடை வந்திருக்கும்.

ஜி.ஆரைத் தூண்டும் செயற்கை ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் கொடுத்து ஹார்மோன் அடங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். அந்த மருந்து குறைந்த அளவில் மூளைக்குள் சரியாகப் போகாது, ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு புரதம் அதை வெளியே தள்ளிவிடும். பெரும்பாலும் பிட்யூட்டரியில்தான் வேலை செய்யும். முன்மூளையில் மட்டும் ஜி.ஆர். போன எலியில் டெக்ஸாமெத்தசோன் சாதாரணமாக அடக்கியது என்றால், "மூளை ஜி.ஆருக்கு வேலை இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

அளப்பவருக்கு எந்த எலி எந்த வகை என்று தெரியக் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் மரபணு வகைப் பட்டியல் என்னிடம் இருக்கும், ரத்தம் எடுப்பது தங்கை. கடைசிக் குழாய் ஃப்ரீசருக்குள் போன பிறகுதான் பட்டியலைத் திறப்போம்.

நாளைக் காலை அவள் தன் முதல் ஜோடியைச் சேர்க்கிறாள். நேற்று மாலை இருவரும் நாள்காட்டியை வைத்து எண்ணினோம். முதல் ஈற்று ஆடிக் கூழ் வாரத்தில் வந்து விழுகிறது. பத்து நாள் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். தேவையில்லை என்றாள். அந்த ஜோடியின் கூட்டைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து எடுத்து உள்ளறை அலமாரிக்கு நேற்றே மாற்றிவிட்டாளாம், பிறந்த குட்டிகளை மூன்று நாள் தொடப்போவதும் இல்லையாம். சரி, உன் ஜோடி, நீயே முடிவு செய் என்று நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன்.